ஏழாயிரம் சுற்று

பம்பு வீதியில் சாமியப்பன் தன் ரேஸ் காரின் புது எஞ்சினை முதல் தடவை கிளப்பிய ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, எதிர்வீட்டில் சட்னி தாளித்துக்கொண்டிருந்த வசந்தா டீச்சரின் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. யார் அடித்தது என்று அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் மறு கன்னத்தில் இன்னொன்று விழுந்தது, கரண்டியைக் கீழே வைப்பதற்குள் மேலும் மூன்று விழுந்தன, இருபத்தாறு வருஷம் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர் என்பதால் அதற்கப்புறம் எண்ணிக்கை தப்பிப்போய் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பேக்கரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களின் தலைகள் ஆளுக்கொரு பக்கம் திரும்பின. சலூனில் கழுத்தில் துணியோடு உட்கார்ந்திருந்த பம்பு ஏஜென்ட் வாங்கிய வேகத்தில் கண்ணாடியில் போய் முட்டிக்கொண்டார். மறுவீட்டு விருந்துக்கு வந்திருந்த புது மாப்பிள்ளை ஒருவன் மாமனார் எதிரிலேயே ஒன்றே ஒன்று வாங்கினான், கல்யாணமாகிப் பதினேழு நாள்தான் ஆகியிருந்ததால் அது யாருக்குக் கொடுத்தது என்று மாமனாருக்குப் பின்னால் விளங்கிவிட்டது.

தகர ஷெட்டுக்குள் கார்புரேட்டர் பக்கம் குனிந்திருந்த சாமியப்பனுக்கு மொத்தம் பதினொன்று விழுந்தன. எஞ்சினுக்கு முன்னால், டிரைவர் இருக்கையில் உட்கார்ந்திருந்த அவன் தம்பி பூபதிக்கு மட்டும் ஒன்றும் விழவில்லை. நாற்பது வயதில் அவன் ஒருத்தரையும் கை நீட்டி அடித்ததில்லை. கண்ணில் தண்ணீர் வழிய, கோணிப்போன வாயால் சிரித்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தான்.

விஷயத்தைக் கண்டுபிடித்துச் சொன்னது வசந்தா டீச்சர்தான். "ஒரு அறை விழுகையில எனக்கு அதை அன்னிக்கு வாங்குன பையன் பேரே ஞாபகம் வந்துருச்சுங்க" என்றார், வீங்கிய கன்னத்தில் ஐஸை வைத்துக்கொண்டு. "நாம யாருக்குக் கொடுத்தமோ அது அப்படியே திரும்பி வருது. அதே கை, அதே பக்கம்." அவரவர் தங்கள் கன்னத்தைத் தொட்டு யோசித்துப் பார்த்து, சரிதான் என்று தலையாட்டினார்கள். கோவையில் ஓர் எஞ்சினைப் பார்த்தால் எப்படி ஓடுகிறது என்று கேட்பார்கள், ஏன் ஓடுகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள், அதனால் பம்பு வீதியிலும் அதை யாரும் கேட்கவில்லை.

கோவை கணபதிப் பகுதிக்கு மேற்கே இருக்கிறது அந்த வீதி. வீட்டுக்கு ஒரு லேத்து, இல்லாவிட்டால் ஒரு டிரில்லிங் மிஷின், அதுவும் இல்லாவிட்டால் முன்னறையில் உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுகிற பெண்கள். சாமியப்பன் லேத்து வைத்திருந்தான். அளவுகோலை எடுக்காமலேயே நூலிழை பிசகாமல் கடைந்துவிடுவான் என்று அவனுக்குப் பெயர். அதைவிடப் பெரிய பெயர் ஒன்றும் அவனுக்கு அந்த வீதியில் இருந்தது. பேச்சும் ஒரு பக்கமும் விழுந்துபோன தம்பியைப் பதினோரு வருஷமாகக் குளிப்பாட்டிச் சோறூட்டி வைத்திருக்கிறானே, இந்தக் காலத்தில் இப்படி ஓர் அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று அம்மாக்கள் தங்கள் மகன்களிடம் சொல்லிக் காட்டுவார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் சாமியப்பன் லேத்தை ஓடவிட்டு அந்தப் பேச்சை அமுக்கப் பார்ப்பான்.

ஏனென்றால் தம்பியை அப்படி ஆக்கியதே அவன்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், குழாய்களை வளைத்து வெல்டு வைத்து இருவரும் வீட்டிலேயே கட்டிய அந்த ஒற்றையாள் ரேஸ் காரை, பூபதி பயிற்சிக்காக எடுத்துப்போய், எஞ்சினை அது தாங்குகிற சுற்றுக்கு மேல் முடுக்கி, கனெக்டிங் ராடு பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும்படி செய்து, அதை லாரியில் போட்டு எடுத்துவந்து, "போனாப் போகுதுண்ணா, இன்னொண்ணு கட்டிக்கலாம்" என்று சிரித்தான். ஆறு மாசம் ராவும் பகலும் அந்த எஞ்சினைக் கட்டியவன் சாமியப்பன். குனிந்து டயரைக் கழற்றிக்கொண்டிருந்த தம்பியின் பின்னால் போய், கையில் இருந்த வீல் ஸ்பேனரால் வலது காதுக்கு மேலே ஒரே ஒரு அடி அடித்தான். எஞ்சின் தூக்குகிற செயின் பிளாக் நழுவி அதன் கொக்கி அடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னான், வீதியில் சொன்னான், மனைவி கோகிலாவிடமும் அதையேதான் சொன்னான். பூபதிக்கு நினைவு திரும்பியபோது இடது கையும் காலும் போயிருந்தன, பேச்சும் போயிருந்தது, அதனால் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

எஞ்சின் இல்லாத அந்த வண்டி தார்ப்பாய்க்கு அடியில் ஷெட்டிலேயே கிடந்தது. நாற்பது வயது முடிந்த அன்று பூபதி காலை இழுத்துக்கொண்டே போய், தார்ப்பாயை ஒற்றைக் கையால் உருவிப் போட்டுவிட்டு, உள்ளே ஏறி உட்கார்ந்தான். கோகிலா சாப்பிடக் கூப்பிட்டாள், வரவில்லை. தட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். எட்டு நாள் அவன் அதிலேயே சாப்பிட்டு, அதிலேயே தூங்கி, பின்னால் எஞ்சின் இருக்க வேண்டிய வெற்றிடத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னுங்க, ஒரு எஞ்சினைத்தான் வெச்சுக் கொடுங்களே" என்றாள் கோகிலா. "ஓட்டாட்டியும் சத்தத்தையாச்சும் கேட்டுக்கட்டும். அவனுக்கு வேற என்ன இருக்குது."

மறுக்க சாமியப்பனிடம் காரணம் இருந்தது, அதை வெளியே சொல்ல முடியாது. உக்கடத்தில் பழைய இரும்புக் கடைகளில் மூன்று நாள் அலைந்து ஆயிரத்து முன்னூறு சிசி எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தான். அதைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவினான், சிலிண்டரின் உள்பக்கத்தைக் கடைந்து போர் அடிக்கக் கொடுத்து வாங்கினான், வால்வுகளை உள்ளங்கையில் உருட்டி உருட்டித் தேய்த்து உட்கார வைத்தான், பழைய கியர்பாக்ஸுக்கும் புது எஞ்சினுக்கும் நடுவில் பொருந்தும் தட்டைத் தன் லேத்திலேயே கடைந்தான். நான்கு மாசம் ஆனது. ஒவ்வொரு போல்ட்டையும் அவன் முறுக்கும்போது பூபதி வலது கையால் அடுத்த போல்ட்டை எடுத்து நீட்டினான். பதினோரு வருஷத்தில் அண்ணனும் தம்பியும் அவ்வளவு நேரம் சேர்ந்து இருந்ததே இல்லை, சாமியப்பனுக்கு அது சந்தோஷமாகவும் நரகமாகவும் இருந்தது.

புதிதாகக் கட்டிய எஞ்சினை எடுத்த எடுப்பில் முறுக்கக் கூடாது. உள்ளே ரிங்கும் சிலிண்டரும் ஒன்றோடொன்று பழக வேண்டும். முதல் வாரம் நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்று, அப்புறம் இரண்டாயிரம், அப்புறம் மூவாயிரம் என்று தினம் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆயிலை மாற்றி, கடைசியில்தான் ஏழாயிரம். பூபதிக்கும் அந்த வரிசை தெரியும். சுவரில் கரித்துண்டால் ஏழு கோடு கிழித்து, ஆயிரம் ஆயிரமாக ஏற ஏற ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தான்.

ஆயிரத்தில் வந்தது வெறும் கை. அறை, குட்டு, கிள்ளு. ஓர் அடி ஒரு தரம்தான் திரும்பும் என்பதும், வாங்கித் தீர்த்துவிட்டால் அப்புறம் எஞ்சின் எவ்வளவு ஓடினாலும் ஒன்றும் இல்லை என்பதும் ஒரு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார்கள், பிரயோஜனமில்லை. பிறவியிலேயே காது கேட்காத தறிக்காரர் ஒருவருக்கும் கச்சிதமாக நான்கு விழுந்தது. தலையில் தானே அடித்துக்கொண்டதெல்லாம் திரும்பவில்லை, அதில் அந்த வீதிப் பெண்களுக்குப் பெரிய நிம்மதி.

இரண்டாயிரத்தில் செருப்பும் துடைப்பமும் பெல்ட்டும் வந்தன. மூவாயிரத்து ஐநூறில் கட்டை, பிரம்பு, கரண்டிக் காம்பு. சுற்று ஏற ஏறச் சத்தம் எட்டும் தூரமும் கூடியது, மூன்று வீதி தாண்டி மெயின் ரோட்டில் போன டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றிருந்தவர்கள் முதுகை வளைத்துக்கொண்டு அலறினார்கள், கண்டக்டர் அந்த ஸ்டாப்பில் நிறுத்தாமலேயே போகச் சொல்லிவிட்டார். ரிட்டயர்டு ஏட்டு மருதாசலம் லத்தி தொடங்கிய அன்று வாசல் படியில் குப்புற விழுந்தவர், எஞ்சின் நின்ற பிறகும் எழவில்லை. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ். மறுநாள் இரண்டு பேர் தோளில் கை போட்டு ஷெட்டுக்கு வந்து, சாமியப்பன் முன்னால் நின்றார்.

"தம்பி, நான் வெளியூருக்குப் போயிரலாம்னு பாத்தனுங்க. மகன் கூப்புடறான். ஆனா போனா அது பாக்கி நிக்குமில்லீங்களா" என்றார். "ஒரே மூச்சுல வாங்குனா டாக்டர் உசுரு தங்காதுங்கறார். தெனம் சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பத்து நிமிஷம் ஓட்டுங்க, வாங்கிக்கறேன்."

அப்படியே ஆனது. அஞ்சு மணிக்குப் பாயும் தைலமும் எடுத்துக்கொண்டு வருவார், குப்புறப் படுப்பார், பத்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார், போகும்போது நன்றி சொல்லிவிட்டுப் போவார். சில நாள் அடி விழும்போது யார் யார் பெயரையோ சொல்லி மன்னிப்புக் கேட்பார், சில நாள் கெட்ட வார்த்தையில் திட்டுவார். பேக்கரிக்கு வெளியூர் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைச் சரியாக ஐந்து மணிக்கு அங்கே டீ சாப்பிடக் கூப்பிட்டார்கள். விஷயம் தெரியாத மாப்பிள்ளைகள் பஃப்ஸைக் கடித்த வாயோடு துள்ளினார்கள். ஒன்பது சம்பந்தம் அந்தப் பேக்கரி வாசலிலேயே முறிந்தது, இரண்டு முடிவானது. வீதியில் குழந்தைகளை அடிப்பது நின்றது. ஓங்கிய கை அப்படியே காற்றில் நிற்கும், அம்மா மணியைப் பார்ப்பாள், கையை இறக்கிக்கொள்வாள்.

பேக்கரியை நடத்தியவள் பேபி. அவள் புருஷன் துரைசாமி பெல்ட்டால் அடிக்கிறவன், எஞ்சின் ஓடுகிற நேரமெல்லாம் எப்படியோ தெரிந்துகொண்டு சிங்காநல்லூர்ப் பக்கம் போய்விடுவான். ஒரு மத்தியானம் அவன் குடித்துவிட்டுக் கல்லாவுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தபோது, பேபி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, சாவியை நான் திருப்பறேன். நீங்க தள்ளி நில்லுங்க."

அவளே திருப்பி, அவளே முடுக்கினாள். பேக்கரிக்குள் துரைசாமி பிஸ்கட் டப்பாக்களோடு உருளுகிற சத்தம் கால் மணி நேரம் கேட்டது. அதை வீதியே நின்று கேட்டது, ஒருவரும் உள்ளே போகவில்லை. மறுநாள் அஞ்சு மணிக்கு ஏட்டுக்காகச் சாமியப்பன் எஞ்சினை ஓட்டியபோது, டீ ஆற்றிக்கொண்டிருந்த பேபியின் முதுகில் அத்தனை பெல்ட் அடியும் வரிசையாக விழுந்தது. ரவிக்கை கிழிந்து ரத்தம் வந்தது. எஞ்சினை எஞ்சினுக்காக ஓட்டினால் ஓட்டியவனுக்கு ஒன்றுமில்லை, ஒருவரை அடிப்பதற்காக ஓட்டினால் அந்த அடி ஓட்டியவருடையது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாமியப்பன் ஓடிப்போய் அவளிடம் தலை குனிந்து நின்றான். "தெரியாமப் போச்சும்மா. தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டன்."

"பரவால்லீங்கண்ணா" என்றாள் பேபி, கல்லாவைப் பிடித்து நிமிர்ந்துகொண்டே. "பன்னண்டு வருசமா எதுக்கு வாங்கறம்னு தெரியாம வாங்குனேன். இன்னிக்குத்தான் தெரிஞ்சு வாங்கியிருக்கறேன்." துரைசாமி அந்த வாரமே ஊரை விட்டுப் போனான், அவள் தேடவில்லை.

ஐயாயிரத்தில் கல் வந்தது. சின்ன வயதில் ஏரிக்கரையில் எறிந்த கல்லெல்லாம் வயசான மண்டைகளை உடைத்தன. கை, தோல், கட்டை, கல். அடுத்தது இரும்பு என்று சொல்ல ஜோசியக்காரன் வேண்டியதில்லை. வீதி முழுக்க இரும்புத் தொழில், கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் ஒரு ஸ்பேனரோ சுத்தியலோ இருக்கிற வீதி. பேச்சு குறைந்தது. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோயில் வாசலில் கூடிப் பேசினார்கள்.

"அண்ணந் தம்பி அத்தனை பாடுபட்டுக் கட்டுன எஞ்சினு. முழுசா ஓட்டிப் பாக்காம விட்டா அது எஞ்சினே இல்லீங்க" என்றார் வசந்தா டீச்சர். அவருக்கு எல்லாம் வாங்கித் தீர்ந்திருந்தது, முகம் தெளிந்து பத்து வயது குறைந்து இருந்தார். "அடுத்த ஞாயித்துக்கெழமை காலையில ஏழாயிரம். இரும்பு பாக்கி இருக்கறவங்க அன்னிக்கு ஊருல இருக்க வேண்டாம். எங்க போனீங்கன்னு ஒருத்தரும் கேக்கக் கூடாது."

யாரும் கேட்கவில்லை. ஆனால் சனிக்கிழமை காலையிலிருந்தே எல்லா வீட்டு ஜன்னலும் திறந்திருந்தது, யார் பையோடு போகிறார்கள் என்று வீதி முழுக்கக் கண்கள் இருந்தன. ஃபவுண்டரி சூப்பர்வைசர் பழனிக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு போனார். பஜனைக் குழுத் தலைவர் பேத்தியைப் பார்க்கப் போனார். யாரும் எதிர்பார்க்காத வகையில் காயில் சுற்றுகிற சாந்தாமணியும் ஒரு கட்டைப்பையோடு தலை குனிந்து போனாள், அவள் மாமியார் படியில் விழுந்து செத்ததாகத்தான் அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஏட்டு போகவில்லை. "என்ற கையில லத்தி மட்டுந்தானுங்க" என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்து வைத்தார்.

சாமியப்பனால் போக முடியாது. சேலத்தில் ஒரு வேலை இருக்கிறது என்று கோகிலாவிடம் மெதுவாக ஆரம்பித்துப் பார்த்தான். "எஞ்சினைக் கட்டுன மனுசன் இல்லாம எப்படிங்க? அவன் பாவம் உங்களைத்தானுங்க பாத்துட்டே இருக்கறான்" என்றாள் அவள். தம்பி தன்னைப் பார்த்துக்கொண்டே இருப்பது அவனுக்கும் தெரியும். எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் இருந்ததால், அவன் எஞ்சின் பக்கம் குனியும்போதெல்லாம் பூபதியின் கண்கள் சின்னக் கண்ணாடி வழியாக அவன் மேலேயே நின்றன. ஆயிரத்திலிருந்து ஐயாயிரம் வரை ஒரு நாள் தவறாமல் நின்றன. இவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, சொல்ல வாய் இல்லை, அதனால் இப்படிப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு வருகிறான் என்று சாமியப்பன் முடிவுக்கு வந்திருந்தான். சுவரில் மிச்சமிருந்த இரண்டு கரிக்கோடுகளைப் பார்த்தால் அவனுக்கு வலது காதுக்கு மேலே நமநமவென்று அரிப்பெடுத்தது.

ஞாயிறு காலை ஷெட்டு வாசலில் வீதியே நின்றது. பூபதி வெள்ளிக்கிழமையிலிருந்து வண்டியை விட்டு இறங்கவில்லை. கோகிலா அங்கேயே அவனுக்குத் தலை சீவிவிட்டு, பழைய ஹெல்மெட்டையும் மாட்டிவிட்டிருந்தாள். வலது கையால் அவனே சாவியைத் திருப்பினான், வலது காலால் அவனே மிதித்தான். ஆயிரம். யாருக்கும் ஒன்றுமில்லை. நாலாயிரம். ஏட்டு பாயில் நான்கைந்து வாங்கிவிட்டு, முடிந்துவிட்டது போலிருக்கிறதே என்று ஆச்சரியமாகத் தலையைத் தூக்கினார். ஐயாயிரம். தகரம் அதிர்ந்து துரு உதிர்ந்தது. ஐயாயிரத்து ஐநூறில் மீட்டர் முள் நின்றது, பூபதி காலை அதே அளவில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தான்.

சாமியப்பனுக்கு அப்போது பேபியின் முதுகு ஞாபகத்துக்கு வந்தது. தன்னை அடிப்பதற்காகத் தம்பி இன்னும் ஒரு அங்குலம் மிதித்தால், தனக்கு விழுகிற அடி நாளைக்குத் தம்பிக்கே திரும்பும். ஏற்கனவே உடைந்த மண்டையில், அதே இடத்தில். ஒரு தடவை பிழைத்தவன் இன்னொரு தடவை பிழைக்க மாட்டான். இத்தனை நாளாகத் தன் உயிருக்குப் பயந்தவனுக்கு அந்த ஒரு நொடியில் வேறு பயம் வந்து, பழைய பயத்தை இருந்த இடம் தெரியாமல் தள்ளிவிட்டது.

"பூபதி, காலை எடுறா" என்று கத்தினான். சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. குனிந்து, கார்புரேட்டரில் ஆக்சிலரேட்டர் கம்பி வந்து சேருகிற கொக்கியைத் தன் விரலாலேயே பிடித்து, கடைசி வரைக்கும் இழுத்தான். இது நான் இழுத்தது, நானே எனக்கு இழுத்தது என்று வாய்விட்டுச் சொன்னான்.

ஆறாயிரம் தாண்டியதும் வாசலில் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், ஒருவருக்குச் சுத்தியல், ஒருவருக்குத் திருப்புளி. ஏழாயிரத்தில் சாமியப்பனின் வலது காதுக்கு மேலே வீல் ஸ்பேனர் இறங்கியது. எலும்பு உடைகிற சத்தத்தை அவன் மண்டைக்குள்ளிருந்தே கேட்டான். கொக்கியை விட்டான், எஞ்சின் இறங்கியது, அவன் சிமென்ட் தரையில் பக்கவாட்டில் விழுந்தான், ஆயில் சட்டியைத் தட்டிவிட்ட இடது கை அதற்கப்புறம் சொன்னபடி கேட்கவில்லை.

கூட்டம் உள்ளே பாய்ந்தது. அதற்கு முன்னால் பூபதி எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியின் விளிம்பில் உருண்டு இறங்கி, முழங்காலால் தேய்த்துக்கொண்டே அண்ணனிடம் வந்துவிட்டான். ரத்தத்தைத் தொட்டுப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்தான். அவன் தொண்டையில் ஏதேதோ முட்டி மோதியது, நாக்கு இரண்டு தரம் புரண்டது, பிறகு பதினோரு வருஷமாக அந்த வீதியில் யாரும் கேட்டிராத குரல் வந்தது.

"யாருண்ணா... உன்னை அடிச்சா?"

சாமியப்பன் தம்பியின் கண்களைப் பார்த்தான். அதில் ஒன்றுமே ஒளிந்திருக்கவில்லை. இவனுக்கு எதுவும் தெரியாது. என்றைக்கும் தெரிந்ததில்லை. கண்ணாடியில் அவன் பார்த்ததெல்லாம் எஞ்சினைத்தான், அது முழுசாகப் பாடுகிற சத்தத்துக்காகத்தான் நாள் நாளாகக் கோடு அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செயின் பிளாக் என்று இப்போதும் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீதியே நம்பும்.

"நான்தான்டா" என்றான் சாமியப்பன். வாய் ஒரு பக்கம் இழுக்க ஆரம்பித்திருந்ததால் அதை மெதுவாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டியிருந்தது. "அன்னிக்கு உன்னையும் நான்தான் அடிச்சேன். பின்னால வந்து, ஸ்பேனர்ல. செயின் பிளாக் கொக்கி இல்லடா. நான்."

கோகிலா சுவரோடு நின்றாள். ஏட்டு பாயைச் சுருட்டுவதை நிறுத்தினார். பூபதி தன் இடது கையை வலது கையால் தூக்கிப் பார்த்தான், விட்டான், அது தொப்பென்று தொடையில் விழுந்தது. இன்னொரு தரம் தூக்கினான், விட்டான். பிறகு வலது கையை ஓங்கி அண்ணனின் கன்னத்தில் ஓர் அறை விட்டான். அவன் வாழ்நாளில் அடித்த முதல் அடி அது, அதனால் அளவு தெரியாமல் பலமாகவே விழுந்தது, சாமியப்பனின் பல் ஒன்று உதட்டைக் கிழித்தது.

அறைந்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான் பூபதி. பிறகு தூக்கிவிட வந்தவர்களை முழங்கையால் தள்ளிவிட்டு, வண்டியின் குழாயைப் பிடித்து எம்பி, திரும்பவும் இருக்கைக்குள் விழுந்து, சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்தது. அவன் கன்னத்தில் ஐந்து விரலும் பதிகிறபடி அறை திரும்பி வந்தது. கண்ணை மூடி அதை வாங்கிக்கொண்டான், தடவிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு மிதித்தான்.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு, முதல்ல தூக்கி வெளிய கொண்டாங்க" என்று டீச்சர் யாரையோ அவசரப்படுத்தினார். இரண்டு பேர் குனிந்தார்கள். கோகிலா குறுக்கே வந்து கையை நீட்டி அவர்களை நிறுத்தினாள். பெயர் அண்ணனுக்கு என்றாலும், பதினோரு வருஷம் அந்தத் தம்பியைக் குளிப்பாட்டிய கை அது. ரத்தத்தில் கிடந்த புருஷனை மேலேயிருந்து பார்த்தாள், அழவில்லை.

மூவாயிரம், ஐயாயிரம், ஆறாயிரம் என்று எஞ்சின் ஏறியது. வாசலில் நின்றவர்கள் பழக்கத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள், யாருக்கும் எதுவும் விழவில்லை. ஏழாயிரத்தில் அது ஒரே சீராக நின்று பாடியது. ஒரு வால்வு தட்டவில்லை, ஒரு ரிங் உரசவில்லை, கட்டியவன் தரையில் காது வைத்தபடி அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தான்.

"அவன் முடிக்கட்டும்" என்றாள் கோகிலா, சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி. "அது வரைக்கும் கெடங்க."